புழுங்கலரிசியும் நெத்திலியும்

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திக் குத்தும்போது, தவிட்டில் தங்கியிருக்கும் தயமின் என்னும் ஜீவசத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதை, வெண்மையே உயர்வென்று கருதித் தீட்டிய பச்சரிசியை நாடுகிற நம் குடும்பங்கள் சிந்திப்பதேயில்லை. அந்த ஜீவசத்து குறைந்தால் மாவுச்சத்தைச் சக்தியாக மாற்றும் காரியம் தடைப்பட்டு, நரம்புகளும் இருதயமும் நலிந்து, பெரிபெரி நோய் உண்டாகிறது. ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் இதையொத்த வியாதியைக் கண்டறிந்த எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரி, கொக்கிலமேடு குப்பங்களில் கரையேறும் நெத்திலியோ, தலையைக் கிள்ளி முள்ளோடு குழம்பில் இடப்படுவதால், தசையை வளர்க்கும் புரதத்தோடு எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்தே அளிக்கிறது. விலைமிக்க வஞ்சிரத் துண்டில் முள்ளை ஒதுக்கிவிடுகிறோமே, அங்கே இந்த லாபம் இல்லை.

1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முட்டை பின்னாளில் இடம்பெற்றதுபோல, மீனுண்ணும் இல்லத்துப் பிள்ளைகளுக்கு, இக்கடற்கரைப் பள்ளிகளிலேனும், வாரம் ஒருநாள் நெத்திலிக் கருவாட்டுப் பொடியை அரசு அளிக்க வேண்டும். சுத்தமாக உலர்த்தும் மேடைகளைக் குப்பத்துப் பெண்களுக்கு அமைத்துக் கொடுத்தால், கருவாட்டில் மணல் கலக்கும் குறையும் நீங்கும்.