நம்ம தெருவுக்குள் ஒரு கார்ட்டூன் எப்போ வரும்?

ஒரு சின்ன டெஸ்ட். தமிழ் பேசுற நிஜ மனுஷங்களும், கையால வரைஞ்ச கார்ட்டூன் உருவங்களும் ஒரே ஃப்ரேமில் சேர்ந்து நடிச்ச காட்சி ஒண்ணு சொல்லுங்க. உங்கள்ல பாதிப் பேருக்கு மேல சொல்லப்போற பதில் ஒண்ணுதான்: 'ராஜா சின்ன ரோஜா'. ரஜினியும் கௌதமியும் குழந்தைகளும் காட்டுக்குள்ள கார்ட்டூன் மிருகங்களோட ஆடிப் பாடுற அந்தத் தலைப்புப் பாட்டு. படம் வந்தது 1989 ஜூலையில். நாம பொறக்கவே இல்ல. நமக்கு அது தியேட்டர் படம் இல்ல, லீவு நாள்ல டிவியில் பார்த்த படம்.

இப்போ ரெண்டாவது கேள்வி. ஒரு பாட்டு இல்ல, முழுசா ஒரு படம். குழந்தைகளுக்காகவே, டிவிக்காகவே எடுத்தது. நிஜத் தெரு, நிஜப் பசங்க, நடுவுல ஒரு கார்ட்டூன். கதை அம்பத்தூர்லயோ ஆவடியிலயோ பூந்தமல்லியிலயோ நடக்கணும். சொல்லுங்க பார்ப்போம்.

பதில் வராது. ஏன் வராதுன்னுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்மகிட்ட இல்லாதது டெக்னாலஜி இல்ல. தமிழ்க் குழந்தைக்குன்னு புதுசா ஒண்ணு செய்யணும்ங்கிற எண்ணம்தான் இல்ல. லாபக் கணக்கு பார்க்கிற சேனல்கள் அதைச் செய்யப்போறதும் இல்ல. செய்யக்கூடிய இடத்துல இருக்கிறது நம்மள மாதிரி காலேஜ் பசங்கதான்.

முதல்ல அந்த 1989 பாட்டுக்கு வருவோம். ஏவிஎம் தயாரிப்பு, எஸ்.பி.முத்துராமன் இயக்கம், சந்திரபோஸ் இசை. அனிமேஷன் செய்தவர் ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தைன்னு சொல்லப்படுறவர். 1956-ல் மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, அங்கே வந்த டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். அவர் படிச்சது கலை இல்ல, வேதியியல். டிகிரி ஒண்ணு, செய்யற வேலை வேறன்னு இருக்கிறது நம்ம தலைமுறையோட மட்டும் பிரச்சினை இல்லைங்க.

அந்தக் காலத்துல இந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் கிடையாது. முதல்ல நடிகர்களை வெறும் இடத்துல நடிக்க வெச்சு ஷூட் பண்ணணும். அந்த ஃபிலிமோட ஃப்ரேமைப் பெருசாக்கி, அதுக்கு மேல தாளை வெச்சு, நடிகரோட கை எங்க இருக்கு, கண் எங்க பார்க்குதுன்னு கவனிச்சு விலங்கை வரையணும். அதைக் கண்ணாடி மாதிரி இருக்கிற செல்லுலாய்டு தாள்ல மாத்தி வண்ணம் அடிக்கணும். கடைசியா ரெண்டு படச்சுருளையும் ஒண்ணா சேர்க்கணும். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம்னு சிக்கனம் பண்ணினாலும் நொடிக்கு 12 படம். ஐந்து நிமிஷத்துக்கு 3,600. அதுவும் ஒரே ஒரு மிருகத்துக்கு! ஹாலிவுட்டில் 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' வந்தது 1988-ல். அடுத்த வருஷமே நம்ம ஊர்ல இதை முயற்சி பண்ணியிருக்காங்க. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்த இடத்துல நம்ம லேப் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். 1964-ல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்துல நடிகர்கள் கார்ட்டூன் பெங்குவின்களோட ஆடுவாங்க. நடிகரை மட்டும் சுத்தமா வெட்டி எடுக்க அவங்க பச்சைத் திரை பயன்படுத்தல. பின்னாடி ஒரு வெள்ளைத் திரை, அது மேல சோடியம் விளக்கோட மஞ்சள் வெளிச்சம். கேமராவுக்குள்ள ஒரு பிரிசம். அது அந்த ஒரே ஒரு மஞ்சளைத் தனியாப் பிரிச்சு வேற ஃபிலிமில் விழ வைக்கும். பெட்ரோ வ்லாஹோஸ்ங்கிற இன்ஜினியர் மெருகேற்றின முறை. முதல் வருஷ பிசிக்ஸ் லேப்பில் ஏர் வெட்ஜ் பரிசோதனைக்கு 5893 ஆங்ஸ்ட்ராம்னு மனப்பாடம் பண்ணினோமே, அதே வெளிச்சம்தான். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினதோட நாம மறந்துட்டோம். அவங்க அதை வெச்சு குழந்தைகளுக்குப் படம் எடுத்திருக்காங்க.

சரி, டெக்னிக் இருந்தா மட்டும் போதுமா? போதாது. இந்த வகைப் படத்துல நம்மை நம்ப வைக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு, நடிகரோட கண். இன்னொண்ணு, நிஜப் பொருள் அசையறது. 'நான் ஈ' படத்தை எடுத்துக்குங்க. ஈ முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்சது. ஆனா அந்த ஈயை நாம நம்பினது சுதீப்பால. இல்லாத ஒரு ஈயைக் கண்ணால துரத்தி, காத்தை அடிச்சு, தூக்கம் கெட்டு அவர் நடிச்சாரு. ஈ எவ்வளவு தத்ரூபமா இருந்தாலும், அவர் கண் ரெண்டு அங்குலம் தள்ளிப் பார்த்திருந்தா மொத்தமும் போச்சு. ரோஜர் ராபிட்டில் இன்னொரு பாடம் இருக்கு. கார்ட்டூன் ஒரு பொருளைத் தூக்கினா, செட்டில் அந்த நிஜப் பொருள் ஒயராலயோ மெஷின் கையாலயோ நிஜமாவே தூக்கப்பட்டுச்சு. அப்புறம்தான் அதைச் சுத்தி கார்ட்டூன் வரைஞ்சாங்க. அதாவது இது கலைஞர் மட்டும் பண்ற வேலை இல்ல. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் வேலையும்தான்.

அப்புறம் ஏன் தமிழ் டிவியில் இது வரல? காசுதான் காரணம். வெளிநாட்டுல ஒரு கார்ட்டூன் தயாராகி, போட்ட முதலை அங்கேயே எடுத்துடுது. இங்க ஒரு சேனல் அதோட உரிமையை வாங்கி, டப்பிங் பண்ணினா போதும். புதுசா எடுக்கிற செலவோட ஒப்பிட்டா அது ரொம்பக் கம்மி. 2007-ல் சுட்டி டிவி வந்தப்புறம் நாம வளர்ந்தது அப்படித்தான். 'டோராவின் பயணங்கள்', 'ஜாக்கி சான்' எல்லாமே டப்பிங். அந்தக் குரல் கலைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஜாக்கி சான் மாமாவோட தமிழ் இன்னைக்கும் நம்ம மீம்ல உயிரோட இருக்கு. அதுக்கு முன்னாடி 2004-ல் ஆரம்பிச்ச 'மை டியர் பூதம்' மாதிரி நம்ம ஊர்லயே எடுத்த குழந்தைத் தொடரும் ஓடுச்சு. ஆனா டப்பிங் சுலபமானதும் அந்தப் பாதை மெலிஞ்சுடுச்சு. மத்திய அரசோட குழந்தைகள் திரைப்படச் சங்கம்னு 1955-லேர்ந்து ஒரு அமைப்பு இருந்துச்சு. 2022-ல் அதையும் என்எஃப்டிசியோட இணைச்சாச்சு.

'அதனால என்ன, குழந்தைங்க சந்தோஷமாத்தானே பார்க்குது?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இது. முழுக் கார்ட்டூன் குழந்தையை வேற ஒரு உலகத்துக்குக் கூட்டிட்டுப் போகுது. அது நல்லதுதான். ஆனா நிஜமும் கார்ட்டூனும் கலந்த படம் அதிசயத்தை நீ இருக்கிற இடத்துக்கே கொண்டுவருது. 1956-ல் வந்த 'தி ரெட் பலூன்' பார்த்திருக்கீங்களா? அதுல கார்ட்டூன்கூட இல்ல. பாரிஸ்ல ஒரு சாதாரணப் பகுதி, ஒரு பையன், அவனைப் பின்தொடர்ற ஒரு சிவப்பு பலூன். 34 நிமிஷம், பேச்சு ரொம்பக் கம்மி. அதைப் பார்த்த பையன் வெளியே வந்து தன் தெருவுல பலூனைப் பார்த்தா, ஒரு செகண்ட் நின்னு பார்ப்பான். அம்பத்தூர் எஸ்டேட் ஓரமா வளர்ற குழந்தைக்கு அந்த ஒரு செகண்டை யாரும் குடுத்ததே இல்ல. அவன் டிவியில் பார்க்கிற எந்த அதிசயமும் அவன் ஊர்ல நடக்கறதில்ல. தமிழ் பேசுற கார்ட்டூனுக்குப் பின்னாடிகூட வேற நாட்டு வீடு, வேற நாட்டு ஸ்கூல் பஸ்தான். அதிசயம்னா அது வேற எங்கயோதான் நடக்கும்னு ஒரு குழந்தை நம்ப ஆரம்பிச்சா, அது சின்ன நஷ்டம் இல்ல.

நம்ம ஏரியாவுக்குன்னு இன்னொரு காரணமும் இருக்கு. எஸ்டேட்டைச் சுத்தி இருக்கிற ஸ்கூல்கள்ல தமிழ்ப் பசங்களோட ஒடிசா, பீகார் பசங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்றாங்க. டப்பிங் கார்ட்டூன் ஒருத்தனுக்குப் புரியும், பக்கத்துல இருக்கிறவனுக்குப் பாதிதான் புரியும். பேசாத ஒரு கார்ட்டூன் உருவம் ரெண்டு பேருக்கும் சமம்.

ஒரு உதாரணக் கதை சொல்றேன், பிடிச்சா எடுத்துக்குங்க. கொரட்டூர் ஏரிக்கு வர்ற ஒரு கூழைக்கடா வழி தவறிடுது. அது மட்டும் கார்ட்டூன். ஒரு தமிழ்ப் பையனும் ஒரு ஒடியாப் பொண்ணும் அதை ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் கொண்டுபோய் விடணும். பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடின்னு வழியெல்லாம் லொகேஷன். ரயில்ல ஷூட் பண்ண அனுமதி வாங்கறது கஷ்டம்னா, உள் தெரு வழியா சைக்கிள்ல போகட்டும். பறவைக்குப் பேச்சு வராது. அது என்ன கேட்குதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கணும். செட் செலவு சைபர். முழு அனிமேஷன் படத்துல ஒவ்வொரு மரத்தையும் நாமதான் வரையணும். இதுல ஏரி இலவசம், வெயில் இலவசம்.

கணக்கும் போட்டுப் பார்த்துட்டேன். 20 நிமிஷப் படம். கூழைக்கடா திரையில் இருக்கிறது 4 நிமிஷம், அதாவது 240 நொடி. நொடிக்கு 12 படம்னா 2,880. பன்னிரண்டு பேர் வரைஞ்சா ஆளுக்கு 240. நாளைக்கு அஞ்சு படம்னா 48 நாள்ல முடிஞ்சுடும். ஒரு செமஸ்டருக்குள்ள தாராளமா அடங்குற வேலை. பிளெண்டர், கிரிட்டா ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர். கேமரா எப்படி அசைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கிற டிராக்கிங் வேலை சிஎஸ்இ பசங்களுக்கு. ட்ரோனும் ரோபோவும் தன் இடத்தைத் தெரிஞ்சுக்கிற கணக்குக்கு அது சொந்தக்காரன். கூழைக்கடா அலகால சைக்கிள் பெல் அடிக்கணுமா? ஒரு சர்வோ மோட்டார், ஒரு ஆர்டுயினோ, இசிஇ முடிச்சுடுவாங்க. குழந்தைங்க கண் சரியான இடத்தைப் பார்க்க, ஒரு குச்சி நுனியில் டென்னிஸ் பந்து போதும்.

'இதெல்லாம் எதுக்கு, ஏஐகிட்ட சொன்னா வந்துடுமே'ன்னு சிரிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பயன்படுத்துங்க, நான் தடுக்கல. ரெண்டு படத்துக்கு நடுவுல வர்ற படங்களை வரையறதுக்கு, வெளிச்சம் ஒட்டவைக்கிறதுக்கு எல்லாம் அது உதவும். ஆனா அன்னனூர்ல எந்தத் தெரு முனையில் மழைத் தண்ணி தேங்கும், கூழைக்கடா அதுல எப்படி முகம் பார்க்கும்ங்கிறது அங்க வளர்ந்தவனுக்குத்தான் தோணும்.

வேலை விஷயமும் இதுல இருக்கு. நம்ம பேட்ச்லயே விஎஃப்எக்ஸ் பக்கம் போகணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்தோட வேற்றுக்கிரகவாசியைச் செஞ்சது சென்னை நிறுவனமான ஃபேன்டம் எஃப்எக்ஸ். ஆக, திறமை இங்கேயே இருக்கு. ஆனா இந்தத் துறையில் இந்தியாவுக்கு வர்ற வேலையில் பெரிய பங்கு வெளிநாட்டுப் படங்களுக்கு ஃப்ரேம் ஃப்ரேமா நடிகரை வெட்டி எடுக்கிற ரோட்டோ, ஒயரை அழிக்கிற பெயின்ட். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் விழுந்தப்போ, பெங்களூரிலயும் மும்பையிலயும் இருந்த அதோட ஊழியர்கள் திடீர்னு வேலை இல்லாம நின்னாங்க. ஆர்டர் எங்கிருந்து வருதோ, அங்க தும்மினா இங்க ஜுரம். சொந்தமா ஒரு கதாபாத்திரத்தை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் செஞ்சு பார்த்தவனுக்கும், அடுத்தவர் ஃப்ரேமைச் சுத்தம் மட்டும் பண்ணினவனுக்கும் இன்டர்வியூவில் வித்தியாசம் தெரியும்.

எடுத்த படத்தை எங்க போடறது? தமிழக அரசோட கல்வி தொலைக்காட்சி 2019-லேர்ந்து இருக்கு. அரசுப் பள்ளிகள்ல 2022-லேர்ந்து சிறார் படங்கள் திரையிடுறாங்க. அங்க உலக சினிமா ஓடுது, ரொம்ப நல்ல விஷயம். அந்த வரிசையில் கொரட்டூர்லேர்ந்து ஒரு படமும் இருக்கட்டுமே. அதுவும் அமையலன்னா பக்கத்து ஸ்கூல்ல ஒரு புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் போதும். ஆடியன்ஸ் ரெடியா இருக்காங்க.

ஒவ்வொரு சிம்போசியத்துக்கும் நம்ம காலேஜ்கள்ல ஷார்ட் ஃபிலிம் போட்டி நடக்குது. காதல் தோல்வி, சிகரெட் புகை, ஸ்லோ மோஷன், கடைசியில் ஒரு மெசேஜ். போதும்ங்க. இந்த வருஷம் ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லி கேட்போம்: 'பத்து வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கான படம்'. நடுவர்களும் அதே வயசுப் பசங்களா இருக்கட்டும். பிடிக்கலன்னா எழுந்து ஓடிடுவாங்க. அதைவிட நேர்மையான வைவா எந்த எக்ஸ்டர்னலும் எடுக்க முடியாது. வரையத் தெரிஞ்சவங்க, மோட்டார் சுத்தத் தெரிஞ்சவங்க, அம்பத்தூர் பக்கம் வீடு இருக்கிறவங்க அடுத்த கிளப் மீட்டிங்குக்கு வாங்க. முதல் வேலை, கூழைக்கடாவுக்கு ஒரு பேர் வைக்கணும்.