காய்ச்சல் வந்தாலும் பீடி சுற்றத்தான் வேண்டுமா?

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குக் கூட்டம் வருகிறது. கூடவே காய்ச்சலும் வருகிறது. மெயின் அருவியில் தோளை இடித்துக்கொண்டு குளித்தவர்களின் இருமல், பஸ் ஏறி, தென்காசி - மதுரை சாலையில் இருக்கும் குத்துக்கல்வலசை வரை வந்துசேர வெகுநேரம் ஆகாது.

2009 ஜூன் 11-ல் உலக சுகாதார நிறுவனம் பன்றிக் காய்ச்சலைப் பெருந்தொற்றாக அறிவித்தது. அந்த ஆகஸ்டில் சென்னையில் நான்கு வயதுச் சிறுவன் பலியானான். அன்றிலிருந்து நமக்குச் சொல்லப்படுவது இதுதான்: முகக்கவசம் போடுங்கள், கையைக் கழுவுங்கள், காய்ச்சல் என்றால் வீட்டில் ஓய்வெடுங்கள். சரியான யோசனைதான். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும் இந்த இன்ஃப்ளுயன்சா வைரஸ், அடுத்த ஐந்து, ஏழு நாள் வரை மற்றவர்களுக்குத் தொற்றும்.

ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண் ஐந்து நாள் படுத்துவிட்டால், அந்த வாரக் குழுக்கடனை யார் கட்டுவது? உடம்பு அனலாகக் கொதித்தாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரிகளோடு நெருங்கி உட்கார்ந்து சுற்றுகிறாள். சுற்றியதைக் கொடுக்கப் பீடிக்கடைக்குப் போய்க் கூட்டத்தில் நிற்கிறாள். புகையிலைத் தூளைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் ஏற்கெனவே நைந்திருக்கிறது. மெடிக்கலில் கலந்து கொடுக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். அதில் இருக்கும் ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடவே தொடாது. இன்ஃப்ளுயன்சாவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். நான்காம் நாள் மூச்சு வாங்கும்போது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்றே முக்கூடலில் மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலோடு அவ்வளவு தூரம் யார் போவது?

2023 மார்ச் 10-ல் தமிழகம் முழுவதும் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்திய அரசுக்கு, சீசன் மாதங்களில் வாரம் ஒரு மாலை, பீடிக்கடை நேரம் முடிந்தபின் இந்த ஊர்களில் முகாம் போடுவது பெரிய காரியமா? தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்னும் சேராத இன்ஃப்ளுயன்சா ஊசியைக் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பீடி சுற்றுவோருக்கும் இலவசமாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சலில் கிடக்கும் நாட்களுக்குக் கூலி ஈடு வேண்டும். அது இல்லாமல் ஓய்வெடு என்று சொல்வது பட்டினி கிட என்று சொல்வதுதான்.

அதுவரை அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காய்ச்சல்காரியின் பீடியைக் கடைக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ, உதடு நீலம் பாய்வதோ, பேச்சுக் குழறுவதோ தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தென்காசி மாவட்ட ஆட்சியர் அடுத்த சாரலுக்கு முன்பே முகாம் தேதிகளை அறிவிக்க வேண்டும்.