நோய் தாங்கும் செந்நிற ரோஜா

ரோஜாச் செடியில் இலை உதிரத் தொடங்கியதும் மருந்து தெளிப்பானைத் தேடுவது பலரது வழக்கம். மலரின் பருமனையும் நிறத்தையும் மட்டுமே கருதிச் செடியைத் தேர்ந்தெடுப்பதன் விளைவு இது. சிறுவர் பணிபுரியும் பள்ளித் தோட்டத்தில் நச்சு மருந்துகளுக்கு இடமளித்தல் தகாது. ஆதலின் அங்கு நடப்பெறும் செடி, இயல்பாகவே நோயைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய செடியை உருவாக்க இயலும் என்பதற்கு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற 'நாக் அவுட்' என்னும் சிவப்பு ரோஜா சான்றாகும். இது மூன்று, நான்கு அடி உயரத்தில் அடர்ந்து வளரும் புதர்ச்செடி. இதனை உருவாக்கிய வில்லியம் ராட்லர், கரும்புள்ளி நோய் கண்ட இலைகளைப் பொடி செய்து தம் நாற்றுகளின்மீது தூவினார்; இலைகள் நனையுமாறு நீரும் பாய்ச்சினார். இக்கடுஞ்சோதனையைத் தாங்கி நின்றவற்றுள் ஒன்றே இவ்வகை.

எனினும், ஒரு நோயைத் தாங்கும் செடி எல்லா நோய்களையும் தாங்கும் எனக் கொள்வது தவறு. அந்நாட்டில் இவ்வொரு வகையே திரளாக நடப்பெற்றது. 'ரோஸெட்' நோய் பரவியபோது இச்செடிகளும் அதற்கு இரையாயின. கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பேன்கள் அந்நோயைப் பரப்புகின்றன. அதன் காரணம் ஒரு வைரஸ் என்பது 2011இல் தெளிவாயிற்று. நோயுற்ற செடியை வேரோடு அகற்றி அழிப்பதன்றி வேறு மருந்தில்லை.

கோதுமையில் துரு நோயைத் தாங்கும் வகைகளை உருவாக்கிய டாக்டர் பி. பி. பால், இந்தியாவில் புதிய ரோஜா வகைகளையும் உருவாக்கினார். வயலுக்குரிய நெறியே பூந்தோட்டத்திற்கும் உரியது: தாங்கும் வகை வேண்டும், ஒரே வகையை நம்பியிருத்தல் கூடாது.

சாகுபடி முறையும் துணைநிற்றல் வேண்டும். இலையில் பல மணி நேரம் ஈரம் நின்றால்தான் கரும்புள்ளிப் பூசணம் தொற்றும். ஆகவே காலையில் வேரடியில் மட்டும் நீர் விடுதலும், செடிகளுக்கிடையே காற்றோட்டம் அமைத்தலும், உதிர்ந்த இலைகளை உடனே அகற்றுதலும் இன்றியமையாதவை. நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலும் தேவை.

ஆசிரியர்கள் மூன்று, நான்கு வகைகளை அருகருகே நட்டு, மருந்து தெளிக்காமல், புள்ளி விழுந்த இலைகளை வாரந்தோறும் மாணவர் எண்ணிக் குறிக்கச் செய்யலாம். விற்பனைப் பட்டியலின் புகழுரையைவிட அக்குறிப்பேடே அவ்வூருக்கேற்ற வகையைக் களப்பணியாளருக்குத் தெளிவாகக் காட்டும்.