கருவிலே போகும் சேதி. கண்ணிலே பிறக்கும் ஒளி!

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். தமிழ்நாட்டில் ஒரு புதிய தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை எல்லோருக்கும் ஊசி. தட்டம்மை, ரூபெல்லா என்ற இரண்டு நோய்களையும் தடுக்கும் ஊசி அது.

தட்டம்மையை எல்லோரும் அறிவார்கள். ரூபெல்லா?

"லேசான காய்ச்சல். உடம்பில் கொஞ்சம் தடிப்பு. மூன்று நாளில் போய்விடும். இதற்கு எதற்கு ஊசி?" என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். வாட்ஸ்-அப்பில் வதந்திகளும் பறந்தன.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குரிய பதில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையின் உடம்பில் இல்லை. இனிமேல் பிறக்கப்போகும் வேறொரு குழந்தையின் கண்ணில் இருக்கிறது!

பருப்பின் பெயர்

நம் கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு சிறு வில்லை இருக்கிறது. அதுதான் லென்ஸ். லத்தீன் மொழியில் 'லென்ஸ்' என்றால் மைசூர்ப் பருப்பு. வடிவம் அப்படி இருப்பதால் அந்தப் பெயர். பெரியவர்களுக்கு அதன் குறுக்களவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். வெளிச்சத்தை விழித்திரையில் குவிப்பது அதன் வேலை.

இந்த வில்லை எப்படி உண்டாகிறது? யாரும் செதுக்கி வைப்பதில்லை. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பி உண்டாக்குகின்றன.

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், கருவின் மூளையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு குமிழ்கள் புறப்படுகின்றன. அவை மேல்தோலை நெருங்குகின்றன. நெருங்கிய இடத்தில் தோல் தடிக்கிறது. பிறகு குழிகிறது. கடைசியில் ஒரு சின்னப் பந்தாகி, தோலை விட்டுப் பிரிந்து உள்ளே போகிறது. அந்தப் பந்துதான் வில்லை!

தவளையும் கோழியும் சொன்ன சாட்சி

1901-ல் ஹான்ஸ் ஷ்பேமன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு பரிசோதனை செய்தார். தவளைக் கருவில், கண்குமிழ் தோன்றும் பகுதியைச் சூடான ஊசியால் பொசுக்கினார். அந்தப் பக்கத்தில் வில்லை உண்டாகவில்லை. குமிழிலிருந்து தோலுக்கு ஏதோ ஒரு சேதி போகிறது என்பது தெரிந்தது. அந்தச் சேதியை ஏற்கத் தோலும் முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது.

1963-ல் அமெரிக்காவில் ஆல்பிரட் கூலோம்பர், ஜேன் கூலோம்பர் என்ற இருவர் கோழிக் கருவின் வில்லையை முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். விழித்திரைப் பக்கம் வந்த அணுக்கள் உடனே நீளத் தொடங்கின, நார்களாயின. ஆகவே சேதி விழித்திரைப் பக்கமிருந்துதான் வருகிறது!

அந்தச் சேதி என்ன? 1989-ல் சிட்னி விஞ்ஞானிகள் எலியின் வில்லையில் இதைக் காட்டினார்கள். எப்.ஜி.எப். என்ற ஒரு வகைப் புரதம் குறைந்த அளவில் இருந்தால் அணுக்கள் பெருகுகின்றன. அளவு கூடினால் நார்களாக நீளுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் இந்தப் புரதம் அணுவின் மேற்புறத்தில் பொருந்துகிறது. பிறகு கைக்குக் கை மாறும் தண்ணீர்க் குடம்போல, சேதி அணுவுக்குள்ளே இறங்கி உட்கரு வரை போகிறது.

நார்களாகிய அணுக்கள் முடிவில் தம் உட்கருவையே கரைத்துவிடுகின்றன. வெளிச்சம் தடையின்றிப் போக வேண்டுமே, அதற்காக!

குறுக்கே வரும் கிருமி

இத்தனை வேலையும் நடக்கும் வாரங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால்? தாய்க்கு லேசான காய்ச்சல்தான். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் புகுகிறது. வளரும் வில்லையையும் தாக்குகிறது. பெருக வேண்டிய அணு பெருகுவதில்லை. தெளிய வேண்டிய வில்லை தெளிவதில்லை. குழந்தை கண்புரையோடு பிறக்கலாம். காதும் இருதயமும் கூடப் பழுதாகலாம்.

இதை 1941-ல் கண்டு சொன்னவர் சிட்னி கண் டாக்டர் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரை உள்ள 78 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது.

நாம் செய்ய வேண்டியது

கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது. ஆகவே அவர்களைக் காக்க ஒரு முக்கிய வழி, சுற்றியுள்ளவர்களிடம் நோயே இல்லாமல் செய்வதுதான். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் போதாது. ஆண் பிள்ளைகளும் நோயைப் பரப்பக் கூடியவர்களே. இந்திய அரசு இந்த நோயை ஒழிக்க 2026-ஆம் ஆண்டை இலக்காக வைத்தது.

குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

இன்னொன்று. கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். அது புரையாக இருக்கலாம். அதைவிட ஆபத்தான கட்டியாகவும் இருக்கலாம். மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது முதல் சில மாதங்களில்தான். அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் பிள்ளை இன்று போட்டுக்கொள்ளும் ஊசி, பக்கத்து வீட்டில் நாளை பிறக்கும் குழந்தையின் கண்ணைக் காக்கும்!