உழைத்த தசைக்கே உணவு உரமாகும்

தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் பழகிய நம் மண்ணில், இளைஞரின் நாட்டம் இன்று உடற்பயிற்சிக் கூடத்தின்பால் திரும்பியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் புரதப் பொடியும் அமினோ அமில மாத்திரையும் இன்றி உடல் தேறாது என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்து வருவது சிந்தித்தற்குரியது. தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற ஊர்களில், உழவர் வீட்டுப் பிள்ளை பெற்றோரின் உழைப்பு ஊதியத்தை ஒரு டப்பாவில் செலவிடும் முன், அதன் பயனை அறிந்துகொள்ளுதல் நலம்.

நாம் உண்ணும் புரதம் குடலில் செரித்து அமினோ அமிலங்களாகி இரத்தத்தில் கலக்கிறது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்கள் 20. அவற்றுள் 9 உணவின் வாயிலாகவே கிட்டுவன. எடைதூக்கும் பயிற்சி முதன்மையாக மாற்றுவது தசையை. வாய்க்காலில் நீர் பொதுவாக ஓடினும், மடை திறந்த வயலே அதனைப் பெறும். பயிற்சியே அம்மடையைத் திறக்கிறது. 1997-இல் வெளியான ஆய்வொன்றில், பயிற்சி முடிந்த 3 மணி நேரத்தில் தசைப்புரத ஆக்கம் 112 விழுக்காடும், 24 மணி நேரத்தில் 65 விழுக்காடும், 48 மணி நேரத்தில் 34 விழுக்காடும் மிகுந்திருந்தது. எனவே பயிற்சி முடித்த கணமே பொடியைக் கலக்கிக் குடிக்க வேண்டும் என்ற அவசரம் தேவையற்றது. ஆயினும் தசையின் சிதைவும் உடன் கூடுவதால், உணவின்றிச் செய்யும் பயிற்சி இழப்பிலேயே முடியும். உழைப்பும் உணவும் இரண்டும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

எவ்வளவு வேண்டும்? நலமுள்ள பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எடைப்பயிற்சி செய்வோர்க்கும் ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் கூடுதல் பயன் இல்லை என்று 49 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு இது 96 கிராம். 300 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, ஒரு கைப்பிடி மணிலாக்கொட்டை, இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், 100 கிராம் மீன் ஆகியவற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 90 கிராம் வந்துவிடும். அரிசியில் குறைவான லைசினைப் பருப்பு ஈடுசெய்யும். பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தரும். சோறும் பருப்பும் சேர்ந்த நம் உணவில் அறிவியல் பொதிந்துள்ளது. மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட பி.சி.ஏ.ஏ. மாத்திரையோ, ஏனைய ஆறும் உணவால் கிட்டாவிடில் புதுத்தசையை ஆக்க இயலாது.

டப்பாவின் மேலட்டையையும் முழுதும் நம்புதற்கில்லை. 2024-இல் கேரள மருத்துவர் குழுவினர் இந்தியச் சந்தையிலிருந்து 36 புரதப் பொருள்களைச் சோதித்ததில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு மே மாதம் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடல் வளர்ப்பிற்காகப் புரதப் பொடிகளை நாடுதலைத் தவிர்க்குமாறு வழிகாட்டியது. நோயுற்றோர்க்கு மருத்துவர் அளிப்பது வேறு; சிறுநீரகக் குறைபாடுள்ளோர் தாமே முடிவெடுத்தல் தீங்கு.

இஃது இளைஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. முதுமையில் தசை தேய்கிறது. சிறிதளவு எடைப்பயிற்சியும் போதிய புரதமும் பெரியோர்க்கும் வலிமை தரும். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உணவின் அளவையே பெரிதும் பேசியது கருதத்தக்கது.

மாணவச் செல்வங்களே! முதலில் உழைப்பால் மடையைத் திறவுங்கள். அதில் பாய வேண்டிய நீர் நம் வீட்டு அடுக்களையிலேயே உள்ளது.