புல்வெளியைத் தரிசு என்றோம்

குறிஞ்சி பூத்தால் நமக்குத் திருவிழா. 2018-இல் கொடைக்கானல் சரிவுகளில் அது பூத்தபோது வேன் பிடித்துப் போனோம். பத்திரிகைக்காரர்கள் நாங்களும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினோம். அடுத்தது 2030 என்று இப்போதே நாள் குறித்து வைத்திருக்கிறோம். அதே மலையில் ஆண்டு தவறாமல் மழைக்காலத்தில் பூக்கும் ஒரு செடியை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நீலகிரி லில்லி. இதன் நெருங்கிய சொந்தபந்தங்களில் பலவும் இமயத்திலும் சீனத்திலும் ஜப்பானிலும் இருக்க, இது மட்டும் நீலகிரி, பழனி மலை என்று தெற்கே வந்து தங்கிவிட்டது. உலகில் இயற்கையாக வளரும் லில்லிகளில் தென்கோடியில் இருப்பது இதுதான். இடுப்பளவு தண்டு, அதைச் சுற்றிலும் குறுகிய இலைகள், உச்சியில் ஒன்றோ இரண்டோ வெள்ளைக் குழல்கள். குழல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். வாயருகே ஆறு இதழ்களும் வெளிப்பக்கம் சுருண்டிருக்கும். உள்ளே எட்டிப் பார்க்கிறவர் சட்டையில் மகரந்தம் பட்டால் கறை லேசில் போகாது. பருவம் முடிந்ததும் தண்டு காய்ந்து விழ, செதில் செதிலான கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். பனி கருக்கினாலும் சரி, கோடைத் தீ புல்லை எரித்தாலும் சரி, அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அடர்ந்த நிழல்தான் அதற்கு ஆகாது.

அந்த நிழலைக் கொண்டுபோய்ப் போட்டது நாம்தான்.

இந்த மலைகளின் உச்சியில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக இருப்பது பல்லாயிரம் ஆண்டு ஏற்பாடு. வெள்ளைக்காரன் புல்லைத் தரிசு என்று ஏட்டில் எழுதி, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தான். அவன் போன பிறகு நாம் அந்த ஏட்டைத் திருத்தவில்லை. அவனைவிட வேகமாக நட்டோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டியிருந்தது. ஆலை மூடி இருபது ஆண்டுக்கு மேலாகிறது; மரம் மட்டும் இன்னும் விதை போட்டுப் பரவிக்கொண்டே இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. நம் காலத்தில், நம் கண்ணெதிரே நடந்தது இது. இதில் ஆங்கிலேயனைக் குற்றம் சொல்ல இடமில்லை.

இன்னும் உறுத்தும் விஷயம், இதை நாம் நல்ல காரியம் என்று நினைத்தே செய்ததுதான். மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளிக் கட்டுரையிலேயே எழுதிப் பழகியவர்கள் நாம். புல்லுக்காகப் பரிந்து பேச எந்தக் கட்டுரையும் நமக்குக் கற்றுத் தரவில்லை. எருமை மேய்ச்சலுக்கும் கோயில் கூரைக்கும் புல்லை நம்பி வாழும் தோடர்களுக்கு அதன் அருமை தெரியும். அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள நேரம் இருந்த நமக்கு, அவர்களிடம் கேட்க மட்டும் நேரம் இல்லை.

ஊட்டியின் ஈரநிலங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்பதை லில்லி என்று சொல்லிப் படம் பிடிக்கிறோமே, அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய வேறு குடும்பத்துச் செடி. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வந்து போகும் கூட்டத்துக்கு, அதற்குப் பின் வரும் மழையில் பூக்கும் சொந்த லில்லி கண்ணில் படுவதில்லை. சீகை ஏறாத பாறை விளிம்புகளில் அது ஒண்டிக்கொண்டிருக்கிறது.

கொடைக்கானலில் இந்தப் புல்வெளிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள், 1980-களில் இங்கிலாந்திலிருந்து வந்து தங்கிய பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் இணையர். வட்டக்கானலில் நாற்றங்கால் போட்டுச் சோலை மரங்களோடு புல்வெளிச் செடிகளையும் வளர்த்தார்கள். அயல் மரத்தை எல்லாம் ஒரே அடியாக வெட்டிச் சாய்ப்பதும் தவறு என்றார்கள். பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்துவிட்டன. அவற்றை விட்டுவிட்டு, மிஞ்சியிருக்கும் புல்லுக்குள் புதிதாக நுழையும் சீகையை முதலில் பிடுங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாமோ முதலில் கண்மூடி நட்டோம், பிறகு கண்மூடி வெட்டச் சொன்னோம்.

2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. வரவேற்போம். ஆனால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று கை கழுவிவிட வேண்டாம். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் இந்தப் பூவைக் கண்டால் பறிக்காமல், கிழங்கைத் தோண்டாமல் வாருங்கள். அடுத்த முறை யாராவது மலையில் மரக்கன்று நட உங்களை அழைத்தால், குழி தோண்டுமுன் அந்த இடம் புல்வெளியா என்று கேளுங்கள். ஆமென்றால், நடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.