அறுந்த நூல் எங்கே?

குட்டீஸ்... சோமனூர் பக்கம் போயிருக்கிறீர்களா? தெருவில் நடந்தாலே விசைத்தறிச் சத்தம் காதைத் துளைக்கும். ஊடை நூல் அறுந்தால், தறி தானாக நின்றுவிடும். ஆனால், சாதாரணத் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால், அது பாட்டுக்கு ஓடிக் கொண்டே இருக்கும். துணியில் கோடு விழும். தறி ஓட்டுபவர் அதைக் கவனித்து, தறியை நிறுத்துவார். அத்தனை இழைகளில் அறுந்தது எது என்று தேடிப் பிடித்து, முடிச்சுப் போடுவார். தறியை உதைத்தால், நூல் ஒட்டாது என்று அவருக்குத் தெரியும்!

நாம் என்ன செய்கிறோம்? பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால், மவுசைப் போட்டு நசுக்குகிறோம். 'சார்... கம்ப்யூட்டர் போச்சு' என்று கத்துகிறோம். அவரும், 'யாரும் தொடாதீங்க' என்று சொல்லிவிடுகிறார்.

இது தவறு என்பது என் கட்சி. ஒயரையும், பிளக்கையும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். ஆனால், கோளாறு எங்கே என்று தேடும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அப்பாவும், அம்மாவும் தறிக்குப் போய்விடும் வீட்டில், உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பக்கம் திறக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை யாரைக் கேட்கும்?

முதலில், வேறு ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது வந்தால், உங்கள் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ரிசல்ட் நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் மோதினால், அந்தத் தளம் திணறத்தானே செய்யும்? '404' என்று வந்தால், சரியான ஊருக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் கேட்ட வீடுதான் அங்கே இல்லை! முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். எந்தத் தளமும் வரவில்லையா? அதே வை-பையில் இருக்கும் போனில் பாருங்கள். அதில் வந்தால், குறை உங்கள் கம்ப்யூட்டரில்!

ஒருமுறை நானே அரை நாள் மண்டையை உடைத்துக் கொண்டேன். எதைத் திறந்தாலும், 'பாதுகாப்பில்லை' என்ற எச்சரிக்கை. கடைசியில் பார்த்தால், என் பழைய கம்ப்யூட்டரில் தேதி, 2009 என்று இருந்தது! தளங்களுக்கு அடையாளச் சான்றிதழ் உண்டு. அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். தேதி தப்பானால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். உள்ளே கடிகாரத்தை ஓட்டும், காசு போன்ற குட்டி பேட்டரி தீர்ந்திருந்தது; அவ்வளவுதான். ஆனால், தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால், மேலே போகாதீர்கள். பாஸ்வேர்டு தரவே தராதீர்கள்.

சில நேரம், நூல் நம் ஊரிலேயே அறுந்திருக்காது. 2008 ஜனவரி 30ல், எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கடலடி கேபிள்கள் அறுந்து, இந்தியாவில் இன்டர்நெட் தடுமாறியது. 2025 செப்டம்பரில், செங்கடலில் ஜெட்டா அருகே அறுந்தபோதும் இங்கே வேகம் குறைந்தது. அப்போது கம்ப்யூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கப்பலில் போய், கேபிளை மேலே தூக்கி, தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள்... நம்ம சோமனூர் தறிக்காரர் மாதிரியே!